திறக்காத சிப்பிக்கு என்ன விலை? தூத்துக்குடிக் கரையின் தலைசுற்ற வைக்கும் கொள்முதல் கணக்கு!

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. திறந்து பார்க்கவும் விடமாட்டார்கள். ஆயிரம் ஆயிரமாகத்தான் ஏலம். பணம் ரொக்கம். வாங்கியபின் 'முத்தே இல்லையே' என்று திருப்பித் தர முடியாது. இப்படி ஒரு சரக்கை நீங்கள் வாங்குவீர்களா? மன்னார் வளைகுடாவின் இரண்டு கரைகளிலும், தூத்துக்குடியிலும் எதிரே இலங்கையின் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டியிலும், முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் மாலை மாலையாக இப்படித்தான் வாங்கினார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்தார்கள், கீழக்கரை மரைக்காயர்கள் வந்தார்கள், பம்பாயிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். சூதாட்டம் என்கிறீர்களா? பொறுங்கள். இதற்குப் பின்னால் இருந்த கணக்கைப் பார்த்தால் இன்றைய எம்.பி.ஏ. வகுப்பே எழுந்து நிற்கும்!

ஏலத்துக்கு மாதக்கணக்கில் முன்பே அரசாங்கம் ஒரு காரியம் செய்துவிடும், தெரியுமா? மழைக்காலத்தை ஒட்டிக் கடலடியில் சிப்பி படிந்து கிடக்கும் திட்டுகளுக்கு (இங்கே 'பார்' என்பார்கள், தூத்துக்குடிக்கு நேரே பேர்போனது தொளாயிரம் பார்) ஆளை அனுப்பிப் பார்வையிடச் செய்வார்கள். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துவந்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்களை அனுபவசாலி வியாபாரிகளிடம் காட்டி விலை போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து என்று ஓர் எண் கையில் வரும். அந்த எண் தேறினால்தான் அந்த ஆண்டு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. தேறாவிட்டால் சிப்பி இன்னும் வளரட்டும் என்று விட்டுவிடுவார்கள். தேறினால் அறிவிப்பு வெளியாகும்: எந்தப் பார், அதில் ஏறத்தாழ எவ்வளவு சிப்பி, எத்தனை தோணிக்கு எத்தனை நாள் வேலை இருக்கும், பணம் எப்படிக் கட்டவேண்டும். விற்பவரே தன் சரக்கைப் பற்றிய மதிப்பீட்டை வாங்குபவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்! மேலாண்மைக் கணக்கியல் என்ற சொல் பிறக்காத காலத்திலேயே அந்தச் சரக்கு இங்கே கப்பலேறிவிட்டது.

அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வியாபாரி என்ன செய்வார்? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சிப்பியில் 20 ரூபாய் முத்து என்று அறிவிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுகவைக்க இடம், கழுவக் கூலி, திருட்டுக்குக் காவல், வட்டி எல்லாம் சேர்த்து 5 ரூபாய். தன் லாபம் 3 ரூபாய். ஆக 12 ரூபாய்க்கு மேல் ஒரு காசுகூடக் கேட்கக்கூடாது. சுலபம், இல்லையா? இல்லவே இல்லை! அந்த 20 என்பது சராசரி. பெரும்பாலான சிப்பியில் முத்தே இருக்காது. இருந்தாலும் கடுகு போல, மணல் போல. எங்கோ ஓர் ஆயிரத்தில் ஒரே ஒரு பெரிய ஆணிமுத்து அகப்பட்டு, சராசரியை மேலே இழுத்து வைத்திருக்கும். அப்படியானால் ஓராயிரம் மட்டும் வாங்குகிறவருக்குச் சராசரிக்குக் குறைவாகக் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். நூறு ஆயிரம் வாங்குகிறவருக்கு அறிவிப்பு சொன்ன எண்ணை ஒட்டி வந்துவிடும். ஏலத்தில் அதிக விலை கேட்டவர் அதே விலைக்குத் தனக்கு வேண்டிய அளவு ஆயிரங்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் ஏன் பெரிய முதலாளிகளுக்கு இனித்தது என்று இப்போது புரிகிறதா? சிறு வியாபாரிகள் ஏன் கூட்டுச் சேர்ந்து ஏலம் கேட்டார்கள் என்பதும் விளங்கும்.

இன்னொரு வேடிக்கை. கரைக்கு வந்த சிப்பி முழுவதும் 'கொட்டு' எனப்படும் வேலியிட்ட வளாகத்துக்குள் போகும். அங்கே ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று பங்காகக் குவிக்கப்படும். இரண்டு பங்கு அரசுக்கு, ஒன்று குளியாட்களுக்கு. எந்த இரண்டு என்பதை அரசுத் தரப்பு தேர்ந்தெடுக்கும். எந்தக் குவியல் தன் கைக்கு வரும் என்று குளிப்பவருக்குத் தெரியாததால் மூன்றையும் ஒழுங்காகத்தான் பிரித்தாக வேண்டும்! தணிக்கையாளர் தேவைப்படாத தணிக்கை. குளியாட்கள் தங்கள் பங்கை வெளியே கொண்டுவந்ததும் கரையிலேயே சில்லறையாக விற்றுவிடுவார்கள். நாலு சிப்பி, பத்து சிப்பி என்று யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அங்கேயே கத்தியால் கீறிப் பார்க்கலாம். கெட்டிக்கார வியாபாரியின் கண் இந்தச் சில்லறைக் கூட்டத்தின் மேல்தான் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். மாதிரி எடுத்தது பல மாதங்களுக்கு முன். இதுவோ இன்று காலை கடலிலிருந்து வந்தது! இந்தத் திட்டுச் சிப்பி எப்படி இருக்கிறது என்று இன்று மாலை ஏலத்துக்குள் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி வேறு ஏது? ஏல விலை ஒரே வாரத்துக்குள் ஏறி இறங்கியதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் கீறிப் பார்ப்பதில் ஒரு குறை இருக்கிறது. பொடி முத்து சதைக்குள் ஒளிந்துகொள்ளும், கத்திக்கு அகப்படாது. முழுக் கணக்கும் வேண்டுமானால் சிப்பியை அழுகத்தான் விடவேண்டும். ஒரு வாரம், பத்து நாள். ஈ மொய்க்கும், புழு வைக்கும், அந்தப் புழு சதையைத் தின்று தீர்க்கும், பிறகு தண்ணீர் விட்டு அலசி அலசி அடியில் தங்கும் மண்டியில் முத்தைப் பொறுக்குவார்கள். நாற்றத்தைப் பற்றி எழுதாத பயணியே இல்லை. முத்து மாலையைக் கழுத்தில் போட்டவர்கள் இதையெல்லாம் முகர்ந்ததில்லை, நல்லவேளை! கணக்குக் கண்ணோடு பார்த்தால் நாற்றத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. முதல் நாள் வாங்கிய சிப்பியில் லாபமா நட்டமா என்று தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஏலமோ தினமும் நடக்கிறது. ஆக, முதல் கொள்முதலின் முடிவு தெரிவதற்குள் எட்டாவது, பத்தாவது கொள்முதலையும் செய்து முடித்திருப்பார். இடையில் காற்று மாறினால் தோணி கடலுக்குப் போகாது. காலரா தலைகாட்டினால் முகாமே கலைந்துவிடும். இத்தனையையும் மனக்கணக்கில் வைத்துத்தான் அவர் கை தூக்குகிறார்.

கழுவி எடுத்த முத்தை என்ன செய்வார்கள்? இதுதான் நான் வாய்பிளந்த இடம். பத்துப் பித்தளைச் சல்லடைகள்! முதலாவதில் 20 ஓட்டை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1,000 ஓட்டை. எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவுச் சல்லடை. ஓட்டை கூடக் கூட ஒவ்வொன்றும் சிறுத்துக்கொண்டே போகும். முத்தைக் கொட்டிச் சலித்தால் பத்துப் பருமனாகப் பிரிந்து நிற்கும். அதற்குப் பிறகு கண்ணால் பார்த்து உருட்சி, ஒளி பார்த்துத் தரம் பிரிப்பு: உச்சத்தில் ஆணி, அதன்கீழ் படிப்படியாக இறங்கித் தூள் வரை. பிறகு மஞ்சாடி என்ற பழைய எடை அளவில் நிறுத்தல்.

எடை தெரிந்தால் விலை தெரியும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! உயர்ந்த ரக முத்துக்கு 'செவ்வு' என்றொரு கணக்கு. மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, அதில் முக்கால் எடுத்து, முத்தின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரே முத்து 4 மஞ்சாடி என்றால், நாலு நாலு பதினாறு, அதில் முக்கால் 12 செவ்வு. அதே 4 மஞ்சாடி எடைக்கு இரண்டு முத்து என்றால் 6 செவ்வு. நாலு முத்து என்றால் வெறும் 3! எடை ஒன்றுதான், மதிப்போ நாலில் ஒரு பங்கு. அரிய பொருளின் விலை அதன் எடையோடு நேராக ஏறாது, எகிறும் என்பதை ஒரு சூத்திரத்தில் மடக்கிவிட்டார்கள் நம் ஆட்கள். வைரத்துக்கும் இதே போல வர்க்கக் கணக்கு போட்டதாக பிரெஞ்சு வியாபாரி தவர்னியே 17-ஆம் நூற்றாண்டில் எழுதினார். ஆனால் ஒரு வரி முத்து முழுவதையும் ஒரே மூச்சில் மதிப்பிடும் செவ்வின் லாகவமே தனி!

எதற்கும் உதவாத பொடியைக்கூட விடவில்லை என்பது தெரியுமா? மகா சிறு முத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வசதி படைத்தவர்கள் வெற்றிலையில் தடவிக்கொண்டார்கள். சித்த வைத்தியத்தில் முத்துப் பற்பம் இன்றும் உண்டு. துணைப்பொருளின் வரவையும் கழித்தபிறகே முக்கியப் பொருளின் அடக்கவிலையைப் பார்க்கவேண்டும் என்று இன்றைய பாடநூல் சொல்கிறது. முத்து வியாபாரிக்கு அது வெற்றிலைப் பெட்டியிலேயே இருந்தது.

செலவுப் பக்கத்திலும் விசித்திரங்கள் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, வியாபாரிகள் கூட்டாக முதல் போட்டு, கப்பலும் படகும் அமர்த்தி, ஏப்ரல் தொடங்கி மே நடுவரை குளிக்க வைத்ததைச் சொல்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு. இருபதில் ஒன்று யாருக்கு தெரியுமா? சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு! நூறு முத்தில் பதினைந்து வியாபாரியின் கைக்கு வருமுன்பே போய்விடும். 'கடல்கட்டி' என்ற இந்தப் பதவியை 19-ஆம் நூற்றாண்டிலும் வெள்ளைக்கார அரசு விடாமல் வைத்துச் செலவு எழுதியது. மந்திரத்தை நம்பியா? அவர் இல்லாவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்க மாட்டார்களே! குளியாள் இறங்காத நாளின் நட்டத்தோடு ஒப்பிட்டால் கடல்கட்டியின் கூலி கொசுறு. அதற்கு முன்னோ, கொற்கையில் முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்கிறது. கூலிச் செலவை அடியோடு ஒழித்த அந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, இத்தனை கணக்கையும் கடல் மதித்ததா? இலங்கைப் பக்கம் 'பெரிய பார்' என்றொரு திட்டு. குளிப்பவர்கள் அதைத் தாய்ப் பார் என்றே மதித்தார்கள். குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் வந்து படியும். பார்க்கிறவருக்கு எச்சில் ஊறும். 1902-இல் ஆய்வுக்கு வந்த ஹெர்ட்மன் என்ற விலங்கியல் அறிஞர் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். 1880-க்குப் பிறகு குறைந்தது பதினொரு முறை அந்தப் பார் தானாக நிறைந்திருக்கிறது. எத்தனை முறை சலாபம் நடந்தது தெரியுமா? ஒருமுறைகூட இல்லை! ஆழ்கடலின் விளிம்பில் கிடக்கும் திட்டு அது. பருவக்காற்று வந்தால் நீரோட்டமும் மணலும் வழித்துக்கொண்டு போய்விடும். மிச்சத்தைத் திருக்கையும் நட்சத்திர மீனும் பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் உலகிலேயே பணக்காரத் திட்டு. பதிவேட்டைப் புரட்டினால் பூஜ்ஜியம்.

சிப்பிக்கு வயதும் ஒரு கண்ணாமூச்சி. நாலைந்து வயதில் முத்து தேறும், காத்திருந்தால் இன்னும் பருக்கும், ஆறேழு வயதில் சிப்பியே செத்துப்போகும். ஓர் ஆண்டு பொறுத்தால் விலை கூடுமா, சரக்கே இல்லாமல் போகுமா? இந்தக் கேள்வியால் நூறாண்டுக்கு மேல் இரு கரை அதிகாரிகளும் தூக்கம் கெட்டார்கள்.

இப்போது வருகிறது பாருங்கள், இந்தக் கடலின் மகா கொள்முதல் தவறு! இலங்கைப் பார்களில் 1892 முதல் 1902 வரை சலாபமே கிடையாது. 1903-இல் கடல் கண்திறந்தது. 1905-இல் மரிச்சுக்கட்டியில் 8 கோடிக்கும் மேல் சிப்பி! அரசின் வருமானம் மட்டும் சுமார் 25 லட்சம் ரூபாய்! வெறும் மணல்வெளியில் திடீர் நகரம். ஆஸ்பத்திரி, கோர்ட், சிறைச்சாலை, தந்தி எல்லாம் முளைத்தன. அடுத்த ஆண்டே, 1906-இல், சிலோன் முத்துக்குளிப்போர் கம்பெனி என்ற ஆங்கிலேயக் கம்பெனி முத்துப்பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். ஒரே ஆண்டில் 25 லட்சம் தந்த கடலை மூணு லட்சத்துக்கு! இருபது ஆண்டுக்கும் சேர்த்தே 62 லட்சம்தான். கொள்ளை மலிவு என்று யாருக்குத்தான் தோன்றாது? 1906-இல் குளித்தார்கள். 1907-இல் குளித்தார்கள். பிறகு? பார்கள் வெறுமை. அடுத்த நல்ல சலாபம் 1925-இல்தான்! சிப்பி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும். கம்பெனி தவணை முடியும் முன்பே கலைந்தது. ஏலத்தில் ஆயிரம் ஆயிரமாக வாங்கிய செட்டியாருக்கு, சிப்பி வராத ஆண்டில் செலவும் இல்லை; வீட்டில் படுத்துத் தூங்கலாம். மாறும் செலவை நிலையான செலவாக்கிக்கொண்டதுதான் கம்பெனி செய்த வேலை. பதினோராண்டு வறட்சி பதிவேட்டில் கண்முன்னே இருந்தும், உச்ச ஆண்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே 1906-இல் அதே வளைகுடாவின் இந்தக் கரையில் என்ன நடந்தது தெரியுமா? வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தூத்துக்குடியில் பதிவானது! மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு. முதலில் அவர்கள் கப்பல் வாங்கவில்லை. ஷா லைன் என்ற பம்பாய்க் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். புதுக் கம்பெனி, கூட்டம் வருமா தெரியாது. வாடகைதான் புத்திசாலித்தனம் என்று எந்தக் கணக்காளரும் சொல்வார். ஆனால் போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஷா லைனை மிரட்ட, வாடகைக் கப்பல் பறிபோனது. வாடகையில் ஒளிந்திருந்த ஆபத்து வெளியே வந்துவிட்டது: பொருளைத் தருகிறவர் எதிரியின் பிடிக்குள் இருந்தால் மலிவு வாடகைக்கு மதிப்பே இல்லை. 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கிக் கொண்டுவந்தார் வ.உ.சி. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளோடு சரக்கு மூட்டைகளும் ஏறும்!

பிறகு நடந்த கட்டணப் போர் ஊரறிந்தது. கொழும்புக்கு வெள்ளையர் கப்பலில் 1 ரூபாய், சுதேசிக் கப்பலில் 8 அணா, உடனே அவர்கள் 'இலவசம், மேலே ஒரு குடையும் தருகிறோம்' என்றார்கள். குடைக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோமே, அதன் உள்கணக்கு என்ன? புறப்பட்டுவிட்ட கப்பலில் இன்னொரு ஆளை ஏற்ற ஆகும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆழமான பை உள்ளவர் பல மாதம் இலவசமாக ஓட்டலாம். இரண்டே கப்பல் உள்ளவரால் முடியாது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. முத்துக் கம்பெனியைக் கடல் கவிழ்த்தது. இதைக் கவிழ்த்தது கடல் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முத்துக்கு என்ன ஆயிற்று? ஜப்பானின் மிகிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1930-களில் இயற்கை முத்து விலை சரிந்து பாரசீக வளைகுடாத் துறைமுகங்களே வறுமையில் விழுந்தன. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளித்தார்கள், அதுதான் கடைசி. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி, தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக்காட்டினார். 1981-இல் சிப்பிக் குஞ்சையே பொரிப்பகத்தில் உண்டாக்கினார்கள். பார் கைவிட்டால் என்ன, தொட்டி இருக்கிறது!

ஆனால் ஓடு திறக்காத சரக்கை வாங்கும் வியாபாரம் இந்தத் துறைமுகத்தை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இன்றும் தூத்துக்குடிக்கு மூட்டை மூட்டையாக வருகிறது, ஓட்டோடு. முந்திரிக்கொட்டை! ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், பெனின், தான்சானியா என்று ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து வந்து கன்னியாகுமரி, கொல்லம் ஆலைகளுக்குப் போகும் சரக்கு. வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே சுருங்கியோ கறுத்தோ இருக்கலாம். அதற்கு வழி? பல மூட்டைகளில் குத்தி எடுத்துக் கலந்து, அதில் ஒரு கிலோவை எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கிறார்கள். நல்ல பருப்பு எடை முழுதாக, புள்ளி விழுந்ததும் முற்றாததும் பாதி எடையாக, பூச்சி அரித்ததும் கெட்டதும் பூஜ்ஜியமாக. கிலோவுக்கு 272 கிராம் தேறினால், 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு என்று கணக்கு. எதையும் கிலோவில் பேசும் உலகில், முந்திரிக்காரர்கள் மட்டும் இன்னும் மூட்டைக்கு இத்தனை பவுண்டு என்றுதான் விலை பேசுகிறார்கள்!

உடைத்தெடுத்த பருப்புக்கும் எண்ணிக்கைதான் தரம். 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. 180 என்றால் பவுண்டுக்கு 180-க்கு மேல் போகாது, விலை உச்சம். எடை ஒன்றுதான், எண்ணிக்கை குறையக் குறைய மதிப்பு ஏறும். செவ்வுக் கணக்கு போட்ட ஆளை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் தொழிலைப் பிடித்துக்கொள்வார். ஒப்பந்தத்தில் மட்டும் அவர் காணாத ஒரு வரி இருக்கும். 47 பவுண்டு என்று பேசி, அதற்குக் கீழே ஒவ்வொரு பவுண்டுக்கும் விலையில் இவ்வளவு கழிவு, 45-க்கும் கீழே போனால் சரக்கே வேண்டாம் என்று சொல்லும் உரிமை. கொட்டில் நின்ற செட்டியாருக்குக் கிடைக்காத உரிமை அது! கப்பல் கடலில் வாரக்கணக்கில் வரும். அதற்குள் பருப்பு விலை இறங்கிவிட்டால், துறைமுகத்தில் வெட்டிப் பார்க்கிறவரின் கத்தி வழக்கத்தைவிடக் கண்டிப்பாக இருக்கும் என்று ஏற்றுமதியாளர்கள் புலம்புவதும் உண்டு.